கொடைக்கானல் ஹோம்ஸ்டேவில் 25,000 ரூபாய்: பழக்கூடையா, வெந்நீரா?

கொடைக்கானலில் இரண்டு படுக்கையறை, இரண்டு குளியலறை கொண்ட ஒரு வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறீர்கள். சீசன் தொடங்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. வருபவர்களைக் குளிர வைக்க 25,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்கள். குளிர வைக்க என்று எழுதியது தவறு. அங்கே குளிருக்குப் பஞ்சமில்லை, சூடுதான் வேண்டும். அந்தப் பணத்தை எதில் போடுவது?

கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பழக்கூடை வை, ஹோம்மேட் சாக்லேட் வை, சுவரில் இறக்கை வரைந்து செல்ஃபி எடுக்க இடம் பண்ணு, சீரியல் விளக்குப் போடு. எதுவும் கெட்ட யோசனை இல்லை. ஆனால் வரிசை தப்பு. யாருக்காகச் செலவு செய்கிறோம், அவர் எந்த நிலையில் கதவைத் தட்டுகிறார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

மதுரையில் 38 டிகிரியில் பருத்திச் சட்டையோடு கிளம்பியவர் அவர். வத்தலக்குண்டு தாண்டி வளைவு வளைவாக ஏறியிருக்கிறார். பின் சீட்டில் ஒரு குழந்தை வாந்தி எடுத்திருக்கும். வழியில் இ-பாஸ் (மலைக்கு வரும் வண்டிகளுக்கான முன் அனுமதி) சோதனையில் வண்டி நின்றிருக்கும். சாயங்காலம் ஆறரைக்கு, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், 14 டிகிரி குளிரில் செருப்பைக் கழற்றிவிட்டு உங்கள் டைல்ஸ் தரையில் கால் வைக்கிறார். அந்த நிமிடத்தில் அவருக்குத் தேவைப்படுவது இந்த வரிசையில்தான்: கழிவறை, சூடாக ஏதாவது குடிக்க, சில்லிடாத படுக்கை, மறுநாள் காலையில் வெந்நீர். இறக்கை வரைந்த சுவர் அதற்கெல்லாம் அப்புறம். கீழே வரும் ஒப்பீடுகள் எல்லாவற்றுக்கும் இந்த வரிசைதான் அளவுகோல்.

வெந்நீர்: எந்தக் கீசர்?

மலை வீடுகளில் வரும் புகார்களில் முதலிடம் இதற்கே. பெரும்பாலான வீடுகளில் இருப்பது 3 லிட்டர், 3 கிலோவாட் உடனடி கீசர். விலை குறைவு, இடமும் அடைக்காது. சமவெளியில் இது போதும், ஏனென்றால் அங்கே குழாய்த் தண்ணீரே 25 டிகிரிக்கு மேல் இருக்கும். கொடைக்கானலில் மார்கழி விடியற்காலையில் தொட்டித் தண்ணீர் 12 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிக்க 40 டிகிரி வேண்டும். 28 டிகிரி ஏற்ற வேண்டுமென்றால் 3 கிலோவாட்டில் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் வரும். ஒரு 15 லிட்டர் பக்கெட் நிறையப் பத்து நிமிடம். நான்கு பேர் வரிசையில் நின்றால் பக்கெட் நிறைவதற்கே முக்கால் மணி நேரம் போய்விடும். பொறுமையில்லாதவர் குழாயை முழுக்கத் திறப்பார். தண்ணீர் வேகமாக வரும், ஆனால் வெதுவெதுப்பாக. ‘கீசர் வேலை செய்யவில்லை’ என்று போன் வரும். கீசர் சரியாகத்தான் வேலை செய்கிறது. வாங்கியதுதான் அந்த ஊருக்குத் தோதானதல்ல.

தொட்டி உள்ள 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் 12-லிருந்து 60 டிகிரிக்குப் போக ஏறக்குறைய 25 நிமிடம். அதைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் 25 லிட்டர் குளிக்கும் தண்ணீர். ஒன்றரைப் பக்கெட்டைச் சற்றே தாண்டும். 25 லிட்டர் கீசர் சூடாக 42 நிமிடம், விளாவினால் 42 லிட்டருக்கு மேல்; ஏறக்குறைய மூன்று பக்கெட். விலை வித்தியாசம் ஓரிரு ஆயிரம்தான். குடும்பத்தோடு வருபவர்களுக்கு விடுகிற வீட்டில் 15 லிட்டர் வாங்குவது சிக்கனமில்லை.

இந்தக் கணக்கெல்லாம் 230 வோல்ட் வந்தால்தான். சீசனில் எல்லா ஹோட்டலிலும் ஹீட்டர் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். 190 வோல்ட்டில் அதே 2 கிலோவாட் கீசர் 1,365 வாட்தான் இழுக்கும், 42 நிமிடம் 61 நிமிடமாகிவிடும். அதனால் விருந்தினர் எழுந்து சுவிட்சைப் போட்டுக் காத்திருக்கும்படி விடக்கூடாது. 16 ஆம்பியர் டைமர் ஒன்றைப் போட்டு, விடிகாலை நாலே முக்காலுக்குத் தானாக எரிய விடுங்கள். ஆறு மணிக்கு முதல் ஆள் குழாயைத் திறக்கும்போது தயாராக இருக்கும். டைமர் வேண்டாமென்றால் இரவு முழுக்க எரிய விட்டாலும் பெரிய நஷ்டமில்லை; நல்ல ஃபோம் காப்பு உள்ள தொட்டியில் தெர்மோஸ்டாட் அவ்வப்போதுதான் உயிர் பெறும்.

கேஸ் கீசர் நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டர் தரும், மின்வெட்டிலும் ஓடும். வேகத்தில் அதுதான் ராஜா. ஆனால் குளியலறைக்குள் அதை மாட்டவே கூடாது. மூடிய இடத்தில் எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் வாசனையும் இல்லாத வாயு, மயங்கிய பிறகுதான் தெரியும். குளிருக்குப் பயந்து ஜன்னலை இறுக்கி மூடுகிற ஊரில் இந்த ஆபத்து இரண்டு மடங்கு. வெளிச்சுவரில், திறந்த வெளியில் மாட்டிக் குழாய் மட்டும் உள்ளே வருகிற வசதி இருந்தால் மட்டும் யோசிக்கலாம். சோலார் ஹீட்டரில் காசு போட்டால் வெயில் காலத்தில் மின்கட்டணம் குறையும். ஆனால் பனிமூட்டம் இரண்டு நாள் இறங்கினால் உள்ளே இருக்கும் மின் காயில்தான் கை கொடுக்க வேண்டும். இந்த 25,000 ரூபாயில் அதற்கு இடமில்லை.

கீசரை மாற்றினாலும் கெடுக்கக்கூடிய சின்ன விஷயம் ஒன்று உண்டு. கீசருக்கும் குழாய்க்கும் இடையே பத்து மீட்டர் அரை அங்குலக் குழாய் ஓடினால், அதற்குள் ஒன்றேகால் லிட்டர் பச்சைத் தண்ணீர் நிற்கும். திறந்தவுடன் அதுதான் காலில் விழும். விருந்தினர் ‘சூடு வரலை’ என்று மூடிவிடுவார். மறுபடி திறப்பார், மறுபடி மூடுவார். கீசரைக் குழாய்க்குப் பக்கத்தில் மாட்டுங்கள்; முடியாவிட்டால் வெந்நீர்க் குழாய்க்குக் கறுப்பு ஃபோம் உறை போடுங்கள். மிக்ஸர் குழாயில் சிவப்புப் பக்கம் உண்மையிலேயே வெந்நீர்ப் பக்கம்தானா என்றும் ஒருமுறை பாருங்கள். இடம் வலம் மாற்றி இணைத்த பிளம்பர்கள் எண்ணிக்கையில் அதிகம். கீசருக்கு எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயிண்ட்டும், வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு பிரேக்கரும் இல்லையென்றால் வேறெதையும் வாங்குவதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

படுக்கை: ஹீட்டரா, ரஜாயா, வெந்நீர்ப் பையா?

இரண்டு கிலோவாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் ஓடினால் 16 யூனிட். ஒரு வீட்டில் இரண்டு அறைக்கும் சேர்த்து ஒரே இரவில் 32 யூனிட். சிலர் இதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். விருந்தினர் மனதில் உறுத்துவதும் அதுதான். அதைவிட முக்கியம், பழைய வீடுகளின் ஒற்றைக் கண்ணாடி ஜன்னலும் கதவின் அடியில் விரலளவு இடைவெளியும் அந்தச் சூட்டை வைத்துக்கொள்ளாது. 200 ரூபாய்க்குக் கதவடி பிரஷ் பட்டையும், திரைக்குப் பின்னால் ஒரு லைனிங் துணியும் ஹீட்டரின் பாதி வேலையைச் செய்துவிடும். வீட்டுக்கு ஒரு ஆயில் ஹீட்டர் இருந்தால் போதும், கைக்குழந்தையோ வயதானவர்களோ வந்தால் கொடுக்கலாம்.

மின்போர்வை நல்ல சாமான்தான். 100 வாட் போர்வை இரவு முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட் ஆகாது. ஆனால் வாடகை வீட்டில் யார் அதை மடித்து நசுக்குகிறார்கள், யார் நனைக்கிறார்கள் என்று தெரியாது. உள்ளே கம்பி முறிந்தால் வெளியே தெரியாது. சொந்த வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரஜாய் (உள்ளே அடைத்துத் தைத்த தடித்த போர்வை) வாங்கும்போது உள்ளே பஞ்சா, மைக்ரோஃபைபரா என்பதுதான் கேள்வி. பஞ்சு ரஜாய் கனமாக, அணைப்பாக இருக்கும், தொட்டால் பிடிக்கும். ஆனால் பனிமூட்ட மாதங்களில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, படுத்தவுடன் ‘சில்’ என்று இருக்கும், அதோடு ஒரு மக்கல் வாசனை. மைக்ரோஃபைபர் அவ்வளவு அழகில்லை. ஆனால் துவைக்கலாம், ஒரு வெயிலில் காயும். வாடகை வீட்டுக்கு இரண்டாவதுதான் சரி. முரட்டுக் கம்பளி வேண்டாம். உறுத்தும், ஒவ்வொருவருக்கும் துவைக்க முடியாது, அது விருந்தினருக்கும் தெரியும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: ரஜாய்க்கு உறை. வெள்ளை அல்லது வெளிர் நிறக் காட்டன் உறை, ஓரத்தில் ஜிப். படுக்க வந்தவர் போர்வையை முகத்தருகே இழுத்ததும் முதலில் மோந்து பார்ப்பார்; வெளியே சொல்ல மாட்டார், ஆனால் பார்ப்பார். அன்றைக்குத் துவைத்த உறையின் வாசனை வந்தால் அதற்கப்புறம் உள்ளே இருப்பது நான்கு வருட ரஜாய் என்றாலும் கவலையில்லை. இரட்டைக் கட்டிலுக்கு ஒரு பெரிய ரஜாய் போடுவதைவிட இரண்டு ஒற்றை ரஜாய் போடுங்கள். ராத்திரி ஒருவர் இழுக்க ஒருவர் விறைக்கிற சண்டை இருக்காது; துவைக்கவும் சிறியதே எளிது.

விரிப்புக்குக் கட்டிலுக்கு மூன்று செட் கணக்கு: ஒன்று கட்டிலில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். மழை மாதத்தில் காய இரண்டு நாள் ஆகும் ஊரில் இரண்டு செட்டோடு சமாளிக்க முடியாது. கரூரிலோ சென்னிமலையிலோ மொத்தமாக வாங்கினால் கடைவிலையைவிடக் குறையும். துண்டு விஷயத்தில் நட்சத்திர ஹோட்டலைப் பார்த்து 700 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற அளவு) தடித்த துண்டு வாங்காதீர்கள். கையில் பிடிக்க ஆடம்பரமாக இருக்கும், ஆனால் அந்த ஈரக் காற்றில் மறுநாளும் காயாது, மூன்றாம் நாள் நாறும். 450 ஜிஎஸ்எம் போதும். ஆளுக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டாகக் கொடுங்கள்.

இந்தப் பகுதியில் ரூபாய்க்கு ரூபாய் அதிகம் சந்தோஷம் தருவது 350 ரூபாய் ரப்பர் வெந்நீர்ப் பை. இரவு ஒன்பதரைக்குத் துணி உறை போட்ட பையை ஒவ்வொரு படுக்கையிலும் ரஜாய்க்கடியில் கால் படுகிற இடத்தில் வைத்துவிட வேண்டும். படுக்க வந்தவர் காலை நீட்டும்போது அங்கே ஒரு கதகதப்பு. ஊருக்குப் போய் அவர் பேசப்போவது இதைத்தான். நிரப்புவதற்கும் முறை உண்டு. கொதிக்கிற தண்ணீரை நேரே ஊற்றக்கூடாது, ரப்பர் சீக்கிரம் வெடிக்கும். இறக்கி ஐந்து நிமிடம் விட்டு, மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, பையைச் சாய்த்துக் காற்றை வெளியேற்றிய பிறகு மூடியைத் திருக வேண்டும். தலைகீழாகப் பிடித்துப் பத்து வினாடி பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்றிவிடுங்கள். குழந்தை படுக்கிற பக்கம் வைக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் எந்த விலைக்கும் கூடாது: அறைக்குள் கரி அடுப்பு. பார்பிக்யூ முடிந்து மிச்சத் தணலை ‘குளிருக்கு இதமாக’ உள்ளே கொண்டுவந்து வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி கொடைக்கானலிலிருந்தே வந்திருக்கிறது. விருந்தினர் தாங்களே செய்துவிடக்கூடும் என்பதால், அடுப்பை வாடகைக்குக் கொடுத்தால் இரவே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

வரவேற்பு: கூடையா, ஃபிளாஸ்கா?

பழக்கூடை கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும். மே, ஜூனில் பிளம்ஸ், பேரி, பட்டர் ஃப்ரூட், கூடவே விருப்பாச்சி மலைவாழை என்று வைத்தால் உள்ளூர் மணமும் உண்டு. சிக்கல் இரண்டு. வாந்தி எடுத்துவிட்டு வந்த குழந்தைக்கு அன்று இரவு பழம் இறங்காது. மறுநாள் காலை ஜன்னலைத் திறந்து வைத்தார்களோ, கூடை குரங்குக்கு. மேசையில் பழம் வைக்கிற வீட்டில் ஜன்னலுக்கு வலை இருக்க வேண்டும். ஹோம்மேட் சாக்லேட் கடைத்தெருவில் அவர்களே எப்படியும் வாங்கப் போகிறார்கள்; நீங்கள் வைப்பது இரட்டிப்பு.

சுக்குக் காப்பி இந்தப் போட்டியில் எளிதாக ஜெயிக்கும். நான்கு பேருக்கு: முக்கால் லிட்டர் தண்ணீரில் 60 கிராம் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, சுக்கு, தனியா, கொஞ்சம் மிளகு சேர்த்து இடித்த பொடி ஒரு மேசைக்கரண்டி போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விட்டால் போதும். வடிகட்டுவதை மறந்தால் கருப்பட்டி மண் பல்லில் கடிபடும், அத்தனையும் வீண். ஒரு லிட்டர் ஸ்டீல் ஃபிளாஸ்க்கை முதலில் வெந்நீரால் அலசிச் சூடாக்கிக் கொட்டிவிட்டு அப்புறம் ஊற்றுங்கள். குளிர்ந்த ஃபிளாஸ்க் கணிசமான சூட்டைத் தானே குடித்துவிடும். வண்டி ஏரிப் பக்கம் வந்ததும் காவலாளிக்கு ஒரு போன் வந்தால் தயாராகிவிடும். மலைப்பாதையில் குமட்டிய வயிற்றுக்கு அது மருந்தும்கூட. வேண்டாம் என்பவர்களுக்கு வெறும் வெந்நீர் ஒரு சொம்பு.

குடிதண்ணீரைப் பொறுத்தவரை தேர்வே கிடையாது. கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்குத் தடை. பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. ஆகவே மேசையில் ஒரு லிட்டர் பாட்டில் வைத்து வரவேற்பது சட்டப்படியும் தப்பு. 20 லிட்டர் கேனோ, ஃபில்டரோ, அதோடு நான்கு ஸ்டீல் பாட்டில்கள். வெளியே சுற்றப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். பாட்டில் தொலைந்தால் தொலையட்டும்.

காலை: சமைத்துத் தருவதா, சமைக்க விடுவதா?

மூன்று வழி இருக்கிறது. வீட்டுக்காரரே டிபன் செய்து தருவது, சாமான் வைத்துச் சமையலறையைத் திறந்து விடுவது, பக்கத்து மெஸ்ஸிலிருந்து வரவழைப்பது. முதலாவதுக்குத்தான் நல்ல பேர் வரும், ஆனால் மலையில் இட்லியை மெனுவில் போடும் முன் யோசியுங்கள். சமவெளியில் ராத்திரி கரைத்தால் காலையில் பொங்கி நிற்கிற மாவு, 13 டிகிரியில் அசையாமல் கிடக்கும். முந்தின நாள் மதியமே கரைத்து, பாத்திரத்தை வெந்நீர் வைத்த பெரிய ஹாட்பேக்கில் அடைத்து, தண்ணீர் ஆறியதும் ஒருமுறை மாற்றினால் வரும். அவ்வளவு பாடு வேண்டாமென்றால் வெண்பொங்கல், ரவா உப்புமா, இடியாப்பம் என்று புளிக்க வைக்கத் தேவையில்லாதவற்றைத் தேர்ந்தெடுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பும் அரிசியும் நேரமெடுக்கும். குக்கர் இல்லாத சமையலறையைத் ‘தாராளமாகச் சமைத்துக்கொள்ளுங்கள்’ என்று திறந்துவிட்டால் அது உபசாரமில்லை, தண்டனை. ஐந்து லிட்டர் குக்கர், கேஸ்கட் நல்ல நிலையில், ஒன்று உபரி.

இரண்டு இரவுக்கு மேல் தங்குபவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் சமையலறைதான் வரப்பிரசாதம். ஒரே இரவு தங்குபவர்கள் அடுப்பைத் தொடவே மாட்டார்கள். அவர்களுக்கு மெஸ் போதும், விலையை மட்டும் முந்தின இரவே சொல்லிவிட வேண்டும்.

எந்த வழி எடுத்தாலும் காப்பி உங்கள் பொறுப்பு. கெட்டிலும் இன்ஸ்டன்ட் பாக்கெட்டும் வைக்காத ஹோட்டலே இல்லை. அதையே நீங்களும் வைத்தால் நீங்களும் ஒரு ஹோட்டல். 400 ரூபாய் பித்தளை அல்லது ஸ்டீல் ஃபில்டர், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துத் தோட்டக் காப்பிக்கொட்டையில் அரைத்த கால் கிலோ பொடி. அதே பழனி மலையில் விளைந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் அதற்கே தனி ருசி. நான்கு பேருக்கு 40 கிராம் பொடி, 200 மில்லி தண்ணீர். பொடியைத் தட்டையால் லேசாக அழுத்தி, கொதித்த தண்ணீரை வட்டமாக ஊற்றி 20 நிமிடம் விட வேண்டும். 93 டிகிரியில் கொதிப்பது பருப்புக்குத் தொந்தரவு, டிகாஷனுக்குத் தோது. பொடி கருகிக் கசக்காது. குளிரில் டிகாஷன் ஆறிவிடும், அதனால் ஃபில்டரின் கீழ்ப்பாத்திரத்தை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். ஆறரைக்குப் பால் வந்து சேராவிட்டால் இத்தனையும் காத்திருக்கும். பால்காரரை நம்பாமல் முந்தின மாலையே அரை லிட்டர் வாங்கிவைப்பது நல்லது.

சாவி, கரண்ட், வைஃபை

சாவிக்கு எண் பூட்டுப் பெட்டி, ஸ்மார்ட் லாக், காவலாளி என்று மூன்று இருக்கிறது. நகரத்து ஃபிளாட்டுக்கு ஸ்மார்ட் லாக் அருமை. மலை வீட்டுக்கு ஆள்தான் வேண்டும்: இருட்டில் டார்ச் அடிக்க, பெட்டி தூக்க, அடையாள அட்டை பார்த்துப் பதிவேட்டில் எழுத, தோட்டத்தில் காட்டுமாடு நின்றால் ‘அசையாதீங்க, அதுவா போயிரும்’ என்று சொல்ல. பூட்டுப் பெட்டியை ஆபத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம், எண்ணை ஒவ்வொரு விருந்தினருக்குப் பிறகும் மாற்றும் பழக்கம் இருந்தால்.

மின்வெட்டுக்கு 150 ஆம்பியர்-மணி பேட்டரி இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருந்தால், விளக்கும் செல்போன் சார்ஜரும் ஏழெட்டு மணி நேரம் தாங்கும். அது தடுக்கி விழுவது ஒரே இடத்தில்: யாராவது இருட்டில் 1,500 வாட் கெட்டிலைச் சொருகுவார்கள், ஓவர்லோட் ஆகி வீடே அணைந்துவிடும். கெட்டில் பாயிண்ட்டை இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரித்துவிடுங்கள். எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை. இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் உடனே அதை வாங்க வேண்டியதில்லை. ரௌட்டருக்கு மட்டும் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன யுபிஎஸ், அறைக்கு ஒரு சார்ஜ் விளக்கு. கரண்ட் போனாலும் வைஃபை போகாத வீட்டை, வேலையைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறவர்கள் மறக்க மாட்டார்கள்.

காசே இல்லாத ஒன்று

ஒப்பீட்டில் விலைப் பத்தியே இல்லாத ஒரு பொருள் மிச்சமிருக்கிறது: முன்கூட்டி அனுப்பும் மூன்று வாட்ஸ்அப் செய்திகள். 25,000 ரூபாயில் ஒரு பைசா செலவில்லை, ஆனால் பாதிப் புகாரைப் பிறக்கும் முன்பே அணைத்துவிடும்.

முதலாவது, முன்பதிவு ஆன அன்றே. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் கட்டாயம் என்பது வெளிமாநிலத்திலிருந்து வருகிற பலருக்கு இன்னும் தெரியாது; சோதனைச் சாவடியில் சிக்னல் தேடித் தவிப்பார்கள். அதைச் சொல்லுங்கள், பாட்டில் தடையையும் சொல்லுங்கள், ஸ்வெட்டரை பெட்டிக்குள் அடைக்காமல் மேலாகக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கிளம்புகிற நாள் காலை. மேப் லொகேஷன் மட்டும் போதாது. மலையில் மேப் செங்குத்தான ஒற்றையடிப் பாதையையும் ரோடு என்று காட்டும். கடைசி 500 மீட்டருக்கு நான்கு போட்டோ: திரும்ப வேண்டிய முனை, அங்கே நிற்கிற கடை, இறக்கம், உங்கள் கேட். பகலில் எடுத்த படத்தை மட்டும் அனுப்பாமல் இருட்டில் கேட் எப்படித் தெரியும் என்றும் ஒன்று. எழுத்தில் இப்படி இருக்கலாம்: ‘வணக்கம்ங்க. சர்ச் தாண்டி இடதுபக்கம் இறங்குங்க, வலதுபக்கம் மேப் காட்டினாலும் போகாதீங்க, அங்கே கார் திரும்ப முடியாது. பச்சை கேட். ஏரி வந்ததும் அண்ணனுக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க, ரோட்டுல டார்ச்சோட நிப்பார்.’

மூன்றாவது, அவர்கள் வந்து ஒரு மணி நேரம் கழித்து: கீசர் எத்தனை மணிக்கு எரியும், சிவப்புக் குழாயை எவ்வளவு நேரம் திறந்து வைக்க வேண்டும், காலை டிபன் என்ன, குரங்குக்காக எந்த ஜன்னலை மூட வேண்டும். இதையே லேமினேட் செய்து சுவரில் ஒட்டி, மேலே ‘விதிமுறைகள்’ என்று போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். செய்தியாக வந்தால் படிப்பார்கள். குறிஞ்சி எப்போது பூக்கும் என்ற கேள்வி எப்படியும் வரும். 2018-ல் பூத்தது, அடுத்தது 2030 என்று அதையும் சேர்த்துவிட்டால் ஒரு போன் மிச்சம்.

பணத்தைப் பிரித்தால்

உடனடி கீசர்கள் மட்டும் உள்ள வீடு என்று வைத்து, இன்றைய கடைவிலையை ஒட்டி: 25 லிட்டர் கீசர் ஒன்று, பிளம்பர், ஒயரிங் சேர்த்து 10,500. டைமர் 1,200. ஒற்றை மைக்ரோஃபைபர் ரஜாய் நான்கு 6,000, உறைகள் நான்கு 2,800. வெந்நீர்ப் பை நான்கு 1,400. ஃபிளாஸ்கும் காப்பி ஃபில்டரும் 1,600. ரௌட்டர் யுபிஎஸ் 1,500. கூட்டினால் சரியாக 25,000. மாற்று உறைகள் அடுத்த மாத வாடகையிலிருந்து வர வேண்டும். அதுவரை காலி செய்கிற நாளும் அடுத்தவர் வருகிற நாளும் ஒட்டாமல் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். கீசர் ஏற்கெனவே நன்றாக இருந்தால் அந்தப் பணத்தில் மூன்று செட் விரிப்பும் துண்டும், கதவடிப் பட்டையும் முடிந்து கொஞ்சம் மீறும்; பழக்கூடை ஆசையை அந்த மிச்சத்தில் தீர்த்துக்கொள்ளலாம்.

ஒரு கீசர் வாங்கத்தான் பணம் என்னும்போது அதை எந்தக் குளியலறையில் மாட்டுவது? பெரிய படுக்கையறையை ஒட்டியதில் அல்ல, ஹாலிலிருந்து எல்லோரும் போகக்கூடியதில். மற்றதில் பழைய உடனடி கீசரே இருக்கட்டும். அதன் குழாயைப் பாதி மட்டும் திறந்து பக்கெட்டை முன்னாலேயே வைத்துவிடுங்கள் என்று மூன்றாவது செய்தியில் ஒரு வரி சேர்த்துவிட்டால் அடுத்த சீசன் வரை ஓடும்.